ஹீத்ரோ உணவகத்தில் இறங்கிய குரல்

1970களில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஊழியர் உணவகம் ஒன்றில் மனக்கசப்பு முற்றிக்கொண்டிருந்தது. பரிமாறும் வேலைக்கு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த பெண்களைப் புதிதாக எடுத்திருந்தார்கள். இவர்கள் கடுகடுவென்று இருக்கிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று மேற்பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். சாப்பிட வந்த சரக்குப் பிரிவுத் தொழிலாளர்களின் எண்ணமும் அதுவே. பெண்களோ, தாங்கள் வேற்று நாட்டார் என்பதால்தான் தங்களிடம் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நம்பினார்கள். இத்தனைக்கும் இரு தரப்புக்கும் இடையே பேச்சு மிகக் குறைவு. தட்டு நீளும், உணவு விழும், தட்டு நகரும். நடுவே ஓரிரு சொற்கள். இவ்வளவு குறைந்த பேச்சிலிருந்து இவ்வளவு பகை எப்படிப் பிறந்தது?

அதற்கு விடை தேடியவர் ஜான் கம்ப்பெர்ஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த மொழியியலாளர், மானிடவியலாளரும்கூட. உணவகத்தில் நடப்பதைக் கவனித்தபோது பிடிபட்டது மிகச் சிறிய விஷயம். இறைச்சி வாங்குகிறவரிடம் அதன் மேல் கிரேவி ஊற்றலாமா என்று கேட்டாக வேண்டும். பரிமாறுகிறவர் பிரிட்டிஷ்காரர் என்றால் ‘கிரேவி?’ என்று குரலை ஏற்றிக் கேட்பார். புதிதாக வந்த பெண்கள் அதே சொல்லைக் குரல் இறங்கச் சொன்னார்கள்: ‘கிரேவி.’ ஏறிய குரல் ஆங்கிலேயர் காதில் ‘ஊற்றட்டுமா?’ என்று விழுந்தது. இறங்கிய குரலோ ‘இது கிரேவி’ என்ற அறிவிப்பாக விழுந்தது. எதிரில் இருப்பது கிரேவி என்று பார்த்தாலே தெரிகிறது. அதை எதற்கு அறிவிக்க வேண்டும்? தேவையில்லாத அறிவிப்பு அலட்சியமாகப் படும். அலட்சியம் என்று ஒரு முறை பட்டுவிட்டால், அடுத்த நாள் அதே முகத்தைப் பார்க்கும்போதே மனம் இறுகிவிடும்.

பேச்சுகளைப் பதிவு செய்து பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் சொன்னதன் பொருள் என்ன என்று அந்தப் பெண்களிடமே கேட்டார்கள். முதலில் அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரே சொல்லைத்தானே இருவரும் சொல்கிறார்கள்! ஆங்கில ஆசிரியரும் உணவக மேற்பார்வையாளரும் சுட்டிக்காட்டிய பிறகே அது காதில் பிடிபட்டது. அப்போதுதான் இத்தனை நாளும் புரியாமல் இருந்த முகச்சுளிப்புகளுக்குக் காரணம் விளங்கியது. மேற்பார்வையாளர்களும் ஒன்றைக் கற்றார்கள்: இந்தப் பெண்களுக்கு இறங்கிய குரல்தான் கேட்கும் குரல், அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பெண்களுக்குத் தங்கள் மேலிருந்த நம்பிக்கை திரும்பியது என்று கம்ப்பெர்ஸ் 1982இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார்.

பண்பாடுகளுக்கிடையிலான பேச்சு பற்றிய ஆய்வுகளில் இந்தச் சம்பவம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ‘குரலை ஏற்றிக் கேட்கப் பழகுங்கள்’ என்ற அறிவுரையோடு அதை முடித்துவிடுவோரும் உண்டு. அப்படி முடித்தால் அதன் சாரத்தைத் தவற விட்டவர்களாவோம்.

வேற்று மொழியில் பேசுகிறவர் இலக்கணப் பிழை செய்தால் கேட்பவர் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்கிறார்; பாவம், மொழி வரவில்லை என்று விட்டுவிடுகிறார். குரலின் ஏற்ற இறக்கம், வேகம், சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, எந்தச் சொல்லில் அழுத்தம் என்பவை பிழையாகப் படுவதே இல்லை. அவை குணமாகப் படுகின்றன. ‘அவள் திமிர் பிடித்தவள்’, ‘அவன் எதையோ மறைக்கிறான்’, ‘இவர்களுக்கு நன்றியே இல்லை’ என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. எதைக் கேட்டு அந்தத் தீர்ப்புக்கு வந்தோம் என்பது தீர்ப்பெழுதியவருக்கே தெரியாது. பேச்சை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காதுக்குச் சொல்லும் இந்த நுண்ணிய அடையாளங்களைத்தான் கம்ப்பெர்ஸ் சூழல் குறிப்புகள் என்றார். தாய்மொழியோடு சேர்ந்து பழகிப்போனவை என்பதால் இவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

தமிழர்களுக்கு இது புரிவது கடினமில்லை. கல்யாணப் பந்தியில் வாளியோடு வருகிறவர் ‘சாம்பார்… சாம்பார்…’ என்று சொல்லிக்கொண்டே போவார். அதில் கேள்விக்குரிய ஏற்றம் இருக்காது, வெறும் அறிவிப்பு. இலையில் இருப்பவர் கையைக் காட்டி மறுப்பார், அல்லது சோற்றில் குழி பறிப்பார். யாருக்கும் மனம் புண்படாது. வீட்டு விருந்தில் இன்னும் ஒரு படி மேலே: ‘வேணுமா வேணுமான்னு கேக்காதே, போடு’ என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். வேண்டுமா என்று கேட்பதே கஞ்சத்தனம். இலையில் விழுந்த பிறகு ‘போதும், போதும்’ என்று தடுப்பது விருந்தாளியின் பங்கு. ஹீத்ரோவில் இருந்த பெண்கள் தமிழர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களின் தாய்மொழிப் பழக்கங்கள் வேறு. ஆனால் ஒருவருக்கு உணவு அளிக்கும்போது கேள்வி கேட்பதுதான் மரியாதை என்பது உலகப் பொதுவிதி இல்லை என்பதற்கு நம் பந்தியே சாட்சி. மேலும், தமிழில் ஆம்–இல்லை கேள்வியை ‘ஆ’ என்ற விகுதியே காட்டிவிடுகிறது. ‘ஊத்தவா?’ என்பதில் குரல் எப்படிப் போனாலும் அது கேள்விதான். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லைக் கேள்வியாக்கக் குரலைத் தவிர வேறு கருவி இல்லை.

கம்ப்பெர்ஸ் இதைக் கேட்கும் காதோடு வந்தவர். 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். முதலில் படித்தது வேதியியல். 1950களில் உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, சாதிக்குச் சாதி பேச்சு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். பிறகு மகாராஷ்டிர–கர்நாடக எல்லையில் இருக்கும் குப்வாட் என்ற ஊர். அங்கே மராத்தி, கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் பல நூற்றாண்டுகளாக அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. சொற்கள் வேறாக இருந்தாலும் வாக்கிய அமைப்பில் அவை ஒன்றையொன்று நெருங்கிவிட்டதை ராபர்ட் வில்சனோடு சேர்ந்து 1971இல் எழுதிக் காட்டினார். ஒரே தெருவில் வாழ்கிறவர்கள் தங்கள் மொழிகளை ஒன்றோடொன்று இணக்கமாக்கிக்கொள்ள முடியும் என்பதை இந்தியாவில் கண்டவர், ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும் ஒரு சொல்லில் முறிந்துபோகிறவர்களை இங்கிலாந்தில் கண்டார். குப்வாட்டுக்குக் காலம் இருந்தது. ஹீத்ரோவுக்கு மதிய உணவு வேளை மட்டுமே இருந்தது.

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இதே போன்ற செய்திகள் வந்தன. ரான் ஸ்கொலன், சூசன் ஸ்கொலன் இருவரும் அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் அதபாஸ்கன் பழங்குடியினருக்கும் ஆங்கிலம் பேசுவோருக்கும் இடையிலான பேச்சை ஆராய்ந்தார்கள். அதபாஸ்கர்கள் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சற்றே அதிகமாக நிறுத்துவார்கள். வேறுபாடு நொடியின் ஒரு பகுதிதான். ஆனால் அதற்குள் எதிரே இருப்பவர், இவர் முடித்துவிட்டார் என்று நினைத்துத் தன் பேச்சைத் தொடங்கிவிடுவார். அதபாஸ்கருக்கு வாய்ப்பே வராது. ‘இவர்கள் வாயை மூடுவதே இல்லை’ என்பது ஒரு தரப்பின் முடிவு; ‘இவர்கள் சிடுமூஞ்சிகள்’ என்பது மறு தரப்பின் முடிவு. ஹீத்ரோவில் கேட்ட அதே குற்றச்சாட்டு இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள்.

கம்ப்பெர்ஸின் மாணவியான டெபொரா டானன் 1978இல் நன்றியறிதல் நாள் விருந்து ஒன்றைப் பதிவு செய்து அலசினார். எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி, எல்லோரும் நண்பர்கள். நியூயார்க்கில் வளர்ந்த யூதர்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். அவர்களுக்கு அது அன்பின் அடையாளம், ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதன் சத்தமான வடிவம். கலிஃபோர்னியாக்காரர்களுக்கும் ஒரு பிரிட்டிஷ் விருந்தினருக்கும் நுழைய இடமே கிடைக்கவில்லை. ஒரே மொழிக்குள்ளேயே இந்தப் பிளவு இருக்கிறது என்றால், ‘அமெரிக்கர் இப்படிப் பேசுவார்’ என்ற வாக்கியத்துக்கு என்ன மதிப்பு?

இந்த இடைவெளிகளை 2009இல் தான்யா ஸ்டிவர்ஸும் கூட்டாளிகளும் இயல்பான உரையாடல்களின் காணொளிகளைக் கொண்டு அளந்தார்கள். பத்து மொழிகள், ஆம்–இல்லை கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும். கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆகும் சராசரி நேரம் ஏறக்குறைய 200 மில்லி நொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக விரைவு ஜப்பானியம்: சுமார் 7 மில்லி நொடி. மிகத் தாமதம் டேனிஷ்: சுமார் 469. ஜப்பானியர் மௌனத்தை விரும்புகிறவர்கள், பதில் சொல்ல நேரம் எடுப்பவர்கள் என்ற பழைய நம்பிக்கைக்கு இந்த எண் பொருந்தவில்லை. ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னது இன்னொன்று: பத்து மொழிகளும் சராசரியிலிருந்து ஏறக்குறைய கால் நொடிக்குள்ளேயே நின்றன. மனிதர்கள் பேசும் விதம் அடிப்படையில் ஒன்றே. அந்தப் பொது அளவு நம் உடலில் அத்தனை ஆழமாகப் பதிந்திருப்பதால்தான், கால் நொடி விலகினாலும் ‘ஏதோ சரியில்லை’ என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. வேறுபாடு பெரிதாக இருப்பதால் நாம் மோதிக்கொள்வதில்லை. சிறிதாக இருப்பதால், அதை வேறுபாடு என்று அறியாமல் மோதிக்கொள்கிறோம்.

வணிகப் பயிற்சி வகுப்புகளில் நடப்பதைப் பார்த்தால் இந்த நுணுக்கமெல்லாம் எங்கே போயிற்று என்று தோன்றும். அங்கே ஆட்சி செய்பவை அட்டவணைகள். அமெரிக்க வெளியுறவு அதிகாரிகளுக்குப் முன்பு பயிற்சி அளித்திருந்த எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர், சூழலிலேயே பெரும்பகுதி பொருளை விட்டுவைக்கும் பண்பாடுகள், எல்லாவற்றையும் சொல்லில் கொட்டிவிடும் பண்பாடுகள் என்று 1976இல் ஒரு பிரிவு செய்தார். ஹாலின் கவனிப்பு நேர்மையானது. நெதர்லாந்தின் கேர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவன ஊழியர்கள் நிரப்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களைக் கொண்டு நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அதிகார இடைவெளியை மக்கள் ஏற்கும் அளவில் இந்தியாவுக்கு 77, பிரிட்டனுக்கு 35. இதை வைத்து ஹீத்ரோ உணவகத்தை விளக்க முயன்று பாருங்கள். அதிகாரத்துக்குப் பணிகிற பண்பாட்டிலிருந்து வந்த பெண்கள் மேற்பார்வையாளரிடம் பணிவாகத்தானே இருந்திருக்க வேண்டும்? திமிர் பிடித்தவர்கள் என்ற பெயர் ஏன் வந்தது? ஐபிஎம் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய இந்தியரையும், உணவக மேடைக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற பெண்ணையும் ஒரே எண்ணுக்குள் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. நாட்டுக்கு ஒரு குணம் எழுதிக்கொடுக்கும் அட்டவணை, குணத்தைப் பற்றிய அவசரத் தீர்ப்பைத் திருத்துவதற்குப் பதிலாக அதற்கு அச்சிட்ட சான்றிதழ் தருகிறது.

இனி, இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி. ஹீத்ரோவுக்கு மிக அருகில் இருப்பது சவுத்ஹால். 1950களிலிருந்து பஞ்சாபிகள் வந்து குடியேறிய ஊர். 1960களின் பிற்பகுதியில் கென்யாவிலிருந்தும், 1972இல் அதிபர் இடி அமீன் விரட்டிய பின் உகாண்டாவிலிருந்தும் ஆசியக் குடும்பங்கள் பிரிட்டனுக்கு வந்தன. அவர்களில் பலர் அங்கே கடையோ அலுவலகமோ நடத்தியவர்கள். இங்கே தொழிற்சாலை வரிசையில் நின்றார்கள். 1976இல் வடமேற்கு லண்டனின் கிரன்விக் ஃபோட்டோ நிறுவனத்தில் ஜெயாபென் தேசாய் தலைமையில் புடவை கட்டிய பெண்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நடந்தது. 1979 ஏப்ரல் 23 அன்று சவுத்ஹாலில், குடியேறியவர்களை எதிர்த்த நேஷனல் ஃபிரண்ட் கட்சியின் கூட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில், இதே ஹீத்ரோவில், திருமணத்துக்காக வந்திறங்கிய ஓர் இந்தியப் பெண்ணைக் குடிவரவு அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தியது அம்பலமாகி, நாடு தலைகுனிந்தது.

இந்தப் பின்னணியில், தங்களிடம் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று உணவகப் பெண்கள் நினைத்ததை வெறும் தவறான புரிதல் என்று தள்ள முடியுமா? ராஜேந்திர சிங், ஜயந்த் லேலே, கீதா மார்தோஹர்ஜோனோ மூவரும் 1988இல் எழுதிய விமர்சனம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. இனவெறியும் அதிகாரமும் இருக்கும் இடத்தில் தொனியைக் காரணமாகக் காட்டினால், பழியும் திருந்த வேண்டிய பொறுப்பும் பலவீனமானவர் தலையில் விழும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். மேற்பார்வையாளர் ஒரு புது விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பெண்களோ தங்கள் குரலையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டர்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. உச்சரிப்பையும் தொனியையும் மாற்றிக்கொள்ளப் பயிற்சி பெறுபவர் இரவு வேலைக்கு வரும் நம் பிள்ளைதான். மறுமுனையில் பேசுகிற வாடிக்கையாளருக்கு, எதிரே ஒலிக்கும் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்க யாரும் பயிற்சி தருவதில்லை.

ஆனாலும் கம்ப்பெர்ஸ் செய்ததை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. பாரபட்சம் பெரும்பாலும் கொடி பிடித்துக்கொண்டு வருவதில்லை. ‘அவள் பேசுகிற விதமே பிடிக்கவில்லை’ என்ற உருவில் வருகிறது. அந்த ‘விதம்’ என்பதைப் பிரித்து, இதோ இந்த இடத்தில் குரல் இறங்கியது, அதைக் கேட்டுத்தான் நீ திமிர் என்றாய் என்று காட்டினால், சொன்னவர் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது. ஒலிநாடா இல்லாவிட்டால் அது அவர் நினைப்பு, இது இவர் நினைப்பு என்று வழக்கு முடிந்திருக்கும். தொனியை ஆராய்வது அதிகாரத்தை மறைக்கும் என்பது உண்மைதான். அதிகாரம் அன்றாடம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று காட்டவும் அதனால் முடியும் என்பதும் உண்மை. எப்படிப் பயன்படும் என்பது, பதிவை யாருக்குப் போட்டுக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பிரெடரிக் எரிக்சனும் ஜெஃப்ரி ஷுல்ட்ஸும் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இடையிலான சந்திப்புகளைப் படமெடுத்து 1982இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மனத்துக்குத் தெம்பளிக்கிறது. இனம் வேறானால் பேச்சின் தாளம் தடுமாறுவதை அவர்கள் கண்டார்கள். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஏதேனும் இருக்கிறது என்பது பேச்சினூடே வெளிப்பட்டுவிட்டால் – இருவரும் ஒரே விளையாட்டை ஆடியவர்கள் என்பதுபோல – தடுமாற்றம் குறைந்தது. ஆலோசகர் அந்த மாணவருக்குக் கூடுதலாக உதவவும் செய்தார். அப்படியானால் தாள வேறுபாடு தலைவிதி இல்லை. கேட்பவருக்கு மனமிருந்தால் காது தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

மனமில்லாதபோது, அல்லது நேரமில்லாதபோது, என்ன நடக்கிறது என்பதை சிலியா ராபர்ட்ஸின் ஆய்வுகள் காட்டுகின்றன. சவுத்ஹாலில் இயங்கிய தொழிலக மொழிப் பயிற்சி மையத்தின் ஆசிரியர்களோடும் கம்ப்பெர்ஸோடும் 1970களில் வேலை செய்தவர் அவர். அந்தக் கூட்டுழைப்பில் பிறந்த ‘கிராஸ்டாக்’ என்ற நிகழ்ச்சியை பிபிசி 1979இல் ஒளிபரப்பியது. கிரேவிக் கதையோடு, நூலகர் பணிக்கான நேர்காணல் ஒன்றும் அதில் வந்தது. ‘ஏன் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர விரும்புகிறீர்கள்?’ என்பது போன்ற கேள்விக்குப் பின்னால், உன் ஆர்வத்தை எனக்கு விற்றுக்காட்டு என்ற அழைப்பு மறைந்திருக்கிறது. அது காதில் விழாத இந்தியர் நேர்மையாக, நேராக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லித் தோற்கிறார். தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்டவருக்கு அந்த அழைப்பு கேட்டிருந்தாலும் பதில் சொல்ல நாக் கூசியிருக்கும்.

ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், 2006இல், ராபர்ட்ஸும் சாரா கேம்பெலும் பிரிட்டனின் வேலை–ஓய்வூதியத் துறைக்காக உண்மையான நேர்காணல்களைக் காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார்கள். பொட்டலம் கட்டுவது, பொருள் அடுக்குவது போன்ற வேலைகளும் அவற்றில் இருந்தன. பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெள்ளையர் ஆனாலும் சிறுபான்மை இனத்தவர் ஆனாலும், ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்கள் பின்தங்கினார்கள். அவர்கள் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களே. நேர்காணலில் எதிர்பார்க்கப்பட்டது வேறு: சொந்த வாழ்வின் ஒரு சம்பவத்தைச் சுருக்கமான கதையாகச் சொல்லி, உடனே அதை ‘குழுவாக உழைக்கும் திறன்’ என்ற அலுவலக மொழிக்கு மாற்றி, நடுவே லேசாகச் சிரிக்கவும் வைக்க வேண்டும். பெட்டி அடுக்குகிறவருக்கு வேலையில் ஒருபோதும் தேவைப்படாத பேச்சு இது. வேலைக்குத் தேவையான ஆங்கிலத்தைவிட வேலை கேட்பதற்குத் தேவையான ஆங்கிலம் கடினமாக இருந்தது.

பேச்சு தடுமாறத் தொடங்கியதும் நேர்காண்பவர்கள் நடந்துகொண்ட விதமும் பதிவாகியிருக்கிறது. தடுமாற்றம் கூடக்கூட அவர்கள் இன்னும் விறைப்பாகிறார்கள், கட்டுப்பாட்டை இறுக்குகிறார்கள். வேட்பாளர் அதனால் மேலும் குழம்புகிறார். அந்த இறுக்கம் தன்னிடமிருந்து கிளம்பியது என்பது கேள்வி கேட்டவருக்குத் தெரியாது. எதிரே இருப்பவருக்குத் திறன் போதாது என்பதே அவருக்குத் தெரிகிறது. அந்தக் காணொளிகளை வேலை தேடுகிறவர்களுக்குப் போட்டுக்காட்டுவதற்கு முன், ஆள் எடுக்கிறவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.